முப்பதாவது ஆள்

மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருந்த பெயரையும், விநோலியா கொடுத்த தாளில் இருந்த பெயரையும் ருக்குமணி எழுத்துக்கூட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான். 'இவற்றைச் சாப்பிடக் கூடாது' என்ற வரிக்குக் கீழே மூன்றாவதாக இருந்தது. பல்வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக், கிருமிகளைக் கொல்லும் மாத்திரை. வலியில் ஆராய்ச்சியைப் பற்றி அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ஐந்து நாளில் அட்டையே காலி.

வடக்குத்து கிராமத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போய், கேன்டீன் ஒன்றில் காய் நறுக்கும் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. ஐந்து வாரத்துக்கு முன், 2016 ஆகஸ்டில், விநோலியா அங்கே வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். நோய் இல்லாத முப்பது பேர் வேண்டும் என்றாள். ஆறு வாரம் தினமும் காலையில் ஒரு பொட்டலம் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு நார்ச்சத்து, மீதிப் பேருக்கு அதேபோல் தெரியும் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. முதல் நாளும் கடைசி நாளும் டப்பாவில் மலம் எடுத்துத் தரவேண்டும். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் எது கூடியது, எது குறைந்தது என்று அதில் பார்ப்பார்களாம். கேன்டீனே சிரித்தது. அங்கிருந்து ருக்குமணி மட்டும் பெயர் கொடுத்தாள்; மற்றவர்கள் வேறு இடங்களில் கிடைத்தவர்கள். ரத்தமெல்லாம் சோதித்துவிட்டு, "நல்ல ஆரோக்கியமா இருக்கீங்கக்கா" என்று சொல்லி விநோலியா அதை எழுதிக்கொண்டாள். நாற்பத்தோரு வயதில் தன்னைப் பற்றி ஒருவர் நல்லதாக எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை.

"அட்டயத் தூக்கிக் குப்பைல போடு" என்றான் அவள் கணவன் குஞ்சிதபாதம். "இன்னும் ஒரு வாரந்தான. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனுக்குத் தெரியுமே."

"பேர அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும்."

மாத்திரை குடலில் செய்த வேலையைப் பொடி செய்ததாக அந்தப் பெண் எழுதிவிடுவாள். எழுதியது அச்சாகும். அதை நம்பி யாரோ, எங்கேயோ பொடி குடிப்பார்கள்.

ஞாயிறு காலை, டவுன்ஷிப்பில் விநோலியா தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாள். அட்டையைப் பார்த்ததும் விநோலியா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்தொன்பது பேர் ஒழுங்கா வந்துட்டாங்க. நீங்க முப்பதாவது ஆள். ஒருத்தர் குறைஞ்சாலும் முடிவு அவ்வளவு உறுதியா இருக்காது" என்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்கிட்ட சொல்லாமலே விட்டிருக்கலாமேக்கா" என்றாள். குரலில் கோபமில்லை.

"தப்பா எழுதிடுவியேம்மா. மறுபடி மொதல்லேர்ந்து குடிக்கறன்."

"உடனே முடியாதுக்கா. மாத்திரை நிறுத்தி மூணு மாசம் ஆகணும். நான் டிசம்பர்ல தீசிஸ் குடுக்கணும்."

"மூணு மாசந்தான? இருக்கறன்."

விநோலியா உள்ளே போய்ப் பேராசிரியரிடம் போனில் பேசினாள். வெகுநேரம் ஆனது. திரும்பியவளின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. "தீசிஸ் குடுக்க ஆறு மாசம் தள்ளிக் கேக்கறேன்னுட்டேன். இந்த முறையும் ஏதாவது ஆச்சுன்னா உங்கள விட்டுட்டுத்தான் எழுதணுமாம்."

"ஆவாது" என்றாள் ருக்குமணி.

மறுநாளே போய் அந்தப் பல்லைப் பிடுங்கச் சொன்னாள். இந்தத் தடவை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீழ் இல்லை, ஆன்டிபயாடிக் வேண்டாம், வலி மாத்திரை மட்டும் போதும் என்றார் அவர். ஐப்பசி மழையில் தலை நனையாமல், காய்ச்சிய தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்காமல் நாளை நகர்த்தினாள். வூடே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது என்று கேலி செய்துகொண்டிருந்த குஞ்சிதபாதம், கார்த்திகையில் ஒருநாள் அவள் வருமுன் தானே தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்திருந்தான்.

மார்கழியில் மறுபடி டப்பா. பிறகு ஆறு வாரம், ஒருநாள் விடாமல் பொடி. தை முடியும்போது கடைசி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விநோலியா அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து எண் எழுதினாள்.

"எப்பம்மா தெரியும்?"

"ரெண்டு மாசம் ஆகும்க்கா. பொடியால ஒண்ணுமே மாறலன்னும் வரலாம்."

"வந்தா?"

"அதையும் அப்படியே எழுதணும்."

"எழுதும்மா" என்று சொல்லிவிட்டு ருக்குமணி வேலைக்குப் போகக் கிளம்பினாள்.

பஸ் ஸ்டாப்பில், நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கி, இமையெல்லாம் பழுப்புத் தூசியோடு, பேசாமல், வந்துகொண்டே இருந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். ருக்குமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே வந்த தோள்களுக்கு நடுவே புகுந்து படியில் கால் வைத்தாள்.