பிலோமினம்மாள் பாதி, ஆம்ப்ரோஸ் பாதி

இப்போதெல்லாம் யாரையும் சும்மா உட்காரவிட இந்த ஜனங்களுக்கு மனசு வருவதில்லை. கோப்பிக் குவளையோடு தன் பாட்டுக்குக் கிடக்கிற கிழடுகளைக்கூடப் பிடித்து இழுத்து, ஆடு, பாடு, வகுப்புக்கு வா, மேடையில் ஏறு என்கிறார்கள். ஏறினால் கைதட்டுகிறார்கள். தடுக்கி விழுந்தால் படம் பிடித்து வாட்ஸாப்பில் போடுகிறார்கள். போதாததற்கு இலவசமாக ஒரு டி-ஷர்ட் வேறு. இலவசம் என்று எவன் எதை நீட்டினாலும் உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது ஆம்ப்ரோஸின் கட்சி.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்குள்ளேயே இந்த வியாதி நுழைந்துவிட்டது. தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் அவரோடு குடித்தனம் நடத்தும் பிலோமினம்மாள், சமூக மன்றத்தில் மூத்தோருக்கான ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

காரணம் பேத்தி கேட்லின். அவள் மேற்படிப்புக்கு பெர்த் போகப் போகிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். மகளைக் கெஞ்சிக்கொண்டிராமல் தானே பேத்திக்கு இங்கிலீஷில் மெசேஜ் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பிலோமினம்மாளின் ஆசை. எழுதச் சொல்லித்தருவது அடுத்த வகுப்பில். அங்கே போக வேண்டுமானால் சனிக்கிழமை மேடையில் எல்லார் முன்னாலும் ஒரு சொல்லின் இறந்தகாலத்துக்கு ஸ்பெல்லிங் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி ஏ-பி-சி-யிலிருந்து.

அதில்தான் சிக்கல். நேற்று நடந்ததைச் சொல்ல, இங்கிலீஷில் சொல்லின் வாலில் ஈ-டி ஒட்டுகிறார்கள். அதோடு விட்டார்களா? சில சொல்லுக்கு, ஒட்டுவதற்கு முன்னால் கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டுமாம்.

"ட்ராப்புக்கு ரெண்டு பீ. ரெயினுக்கு ஒரே என்," என்றாள் வெங்காயம் உரித்தபடி.

"ஏன், ரெயின் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ரெயின்ல கடைசி எழுத்துக்கு முன்னாடி ரெண்டு உயிரெழுத்து ஜோடியா நிக்குதுங்க. ட்ராப்புல ஒண்ணு ஒத்தையா நிக்குது. அதான் பின்னாடி இருக்கறது ரெட்டையாகுது."

"யாரு சொன்னா?"

"டீச்சர்."

"டீச்சருக்கு யாரு சொன்னா?"

வெங்காயத்தோல் அவர் மேல் வந்து விழுந்தது.

புத்தகத்தை முறைத்து முறைத்துப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. தங்க வைத்தது ஜெபமாலைதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சாயங்கால ஜெபம் ஒரே மாதிரி: 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியை அவள் சொல்வாள், 'புனித மரியே' என்று மறுபாதியை அவர் சொல்வார். ஒரு நாள் ஜெபம் முடிந்தும் மணிமாலையைக் கீழே வைக்காமல், "டி-ஆர்-ஓ-பீ" என்று அவள் முணுமுணுத்தாள். சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த ஆம்ப்ரோஸ், "பீ-ஈ-டி" என்றார். அதுவரை அவள் கத்திக் கத்திப் படித்தது காதில் விழுந்து, பழக்க தோஷத்தில் வாய்வழியே வந்துவிட்டது.

பிலோமினம்மாள் மாலையை மடியில் போட்டுவிட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தாள்.

"என்ன இளிப்பு? நான் ஒண்ணும் படிக்கலை. வாய் அதுவா சொல்லுது," என்றார்.

அன்று முதல் தினமும் அதே கதை. ஜெபம் முடிந்ததும் அவள் பாதி, அவர் பாதி. எல்லாச் சொல்லும் மனப்பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை சமூக மன்றத்துக்கு ஆம்ப்ரோஸும் போனார். எவனாவது அவளைப் பார்த்துச் சிரித்தால் அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கதவோரமாகக் குடையோடு உட்கார்ந்தார். பக்கத்தில் கேட்லின். மேடையில் டீச்சர் சுஷ்மிதா. சொல்லி நிறுத்தினால் முடிந்ததாகக் கணக்கு. உடனே மணி அடிப்பார்கள்.

பிலோமினம்மாள் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். ஈ-டி ஒட்டக் கொடுத்த சொல், 'ப்ளான்'.

"பீ-எல்-ஏ-என்," என்றாள். நிறுத்தினாள்.

மணியடிப்பவர் கையைத் தூக்கினார். "ஐயோ, பாட்டி மறந்துட்டாங்க," என்று கேட்லின் நகத்தைக் கடித்தாள். ஆம்ப்ரோஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பயமே இல்லை. சாயங்கால ஜெபத்தில் இருக்கிற அதே முகம். அவள் மறக்கவில்லை, காத்திருக்கிறாள்.

"என்-ஈ-டி!"

கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய குரல். அரங்கம் மொத்தமும் திரும்பியது. பிறகு ஒரே சிரிப்பு.

"அங்கிள், நீங்க ஹெல்ப் பண்ணக் கூடாது!" என்றாள் சுஷ்மிதா.

"நான் எங்கம்மா ஹெல்ப் பண்ணேன்? அவ பாதிதானே சொன்னா? மீதி என்னுது."

"ஆமா டீச்சர்," என்று பிலோமினம்மாளும் ஒலிபெருக்கியிலேயே சொன்னாள். "எங்க வீட்டுல அப்படித்தான். ஜெபத்துல வர்ற மாதிரி."

சுஷ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சரி, வேற சொல் தரேன். ஆனா முழுசும் ஆன்ட்டிதான் சொல்லணும். இதுவும் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது." சொல், 'ப்ரிஃபர்'.

பிலோமினம்மாள் கதவுப் பக்கம் அவரைத்தான் பார்த்தாள்.

"தாத்தா, ப்ளீஸ், வாயைத் திறக்காதீங்க லா," என்று கேட்லின் அவர் கையைப் பிடித்தாள்.

வாயை மூடிவிடலாம். ஆனால் அவர் அந்த நாற்காலியில் இருக்கிறவரை அவள் பாதியில்தான் நிற்பாள். அது அவருக்குத் தெரியும். ஜெபத்தின் இரண்டு பாதியையும் அவள் மூச்சுவிடாமல் தனியாகச் சொன்னதெல்லாம் அவருக்கு இரவு ஷிஃப்ட் இருந்த நாட்களில்தான். ஆம்ப்ரோஸ் எழுந்து குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

"பிலோமி! நான் டூட்டிக்குப் போறேன்!"

அரங்கத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிலோமினம்மாளுக்கு விளங்கியது. கன்னத்தில் குழி விழுந்தது.

"சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள்.

வெளியே வந்து கதவுக்கு முதுகு காட்டி நின்றார். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. பீ, ஆர், ஈ, எஃப், ஈ, ஆர். ஆம்ப்ரோஸ் உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டார். குரல் நிற்கவில்லை. "ஆர்-ஈ-டி, ஆமென்!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்.

கேட்லின் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, ஷீ டிட் இட்! பாட்டி நெக்ஸ்ட் கிளாஸ்!"

"விடு, குடை ஒடியும்," என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே பிலோமினம்மாள் கழுத்தில் யாரோ மாலை மாதிரி ஒரு ரிப்பனைப் போட்டுவிட்டிருந்தார்கள். அவள் அதோடு பேத்தியை அழைத்துக் கையாட்டினாள். கேட்லின் படம் எடுக்க ஓடினாள்.

சுஷ்மிதா வெளியே வந்தாள். "அங்கிள், நீங்களும் வகுப்புல சேந்துடுங்களேன்."

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதம்மா. தேக்காவுல கடைக்குக் கடை ஆஃபர்னு போட்டு வச்சிருக்கான். அதுக்கு ஈ-டி போட்டா எத்தனை ஆர்?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"ப்ரிஃபருக்கு?"

"ரெண்டு. ஆஃபர்ல முதல்ல அழுத்திச் சொல்றோம், ப்ரிஃபர்ல கடைசியில அழுத்தறோம். அதான் வித்தியாசம். சொல்லிப் பாருங்க."

ஆம்ப்ரோஸ் இரண்டையும் வாயில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். "நான் எங்கயும் அழுத்தறதில்லையே."

"இல்ல அங்கிள், கொஞ்சம் கவனிச்சுச் சொன்னீங்கன்னா..."

"அடப் போம்மா. எவனோ வெள்ளைக்காரன் கை தவறி ரெண்டு தடவை எழுதியிருக்கான். அதை மறைக்க ஒரு ரூலைப் போட்டுட்டானுங்க. நீங்களும் நம்பிட்டீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் கோப்பிக் கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.