அண்ணன் மீது ஒரு புகார்

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவனுக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். நோயாளிகளின் பதிவுகள் முழுவதும் அவன் பொறுப்பில் இருந்தன. பழுது வந்தால் மட்டும் திறக்க வேண்டியவை. அவனோ பொழுது போகாவிட்டாலும் திறப்பான். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு, எதிர்வீட்டு மருமகளுக்கு ஏன் குழந்தை தங்கவில்லை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

யாராவது கேட்டால், "நான் என்ன வெளியிலயா விக்கிறேன்? நம்ம ஆளுங்களுக்குத்தானே சொல்றேன்" என்பான். நம்ம ஆளுங்கள் என்பது ஏறக்குறைய ஊர் முழுவதும்.

தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தது. நில அளவையாளர். அவளுக்குப் பிடித்திருந்தது, அது அவனுக்குப் போதவில்லை. மதியம் சாப்பாட்டை மென்றபடியே மாப்பிள்ளையின் பதிவைத் திறந்தான். மூன்று வருடங்களுக்கு முன் மனநலப் பிரிவில் ஆறு மாதச் சிகிச்சை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டு உடைத்தான்.

"நல்லவேளைம்மா, நான் இருந்தேன். இல்லேன்னா பாழுங்கிணத்துல தள்ளியிருப்பீங்க."

அம்மா அழுதாள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த தங்கை அழவில்லை.

"அவரு முதல் நாளே என்கிட்ட சொல்லிட்டாருண்ணா. தம்பி செத்ததுல தூக்கமே வராம டாக்டர்கிட்ட போனாராம். அவரா சொன்னாரு. நீ யாரைக் கேட்டுப் பார்த்தே?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"அவரு வீட்டு ஜன்னல்ல ஒளிஞ்சு நின்னு பார்க்கறதும் இதுவும் ஒண்ணுதான்."

மறுநாள் அவள் மருத்துவமனைக்கே வந்து எழுத்தில் புகார் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள். கணினிப் பிரிவில் அவனைத் தவிர எட்டுப் பேர். எட்டுப் பேரும் "தங்கமான மனுஷர்" என்று கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவையாவது மாமியாருடையதையோ மேலதிகாரியுடையதையோ அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தானே! வேலிக்கு ஓணான் சாட்சி.

நிர்வாகி தனியாகக் கூப்பிட்டார். "வேற யாரோடதெல்லாம் பார்த்திருக்கீங்க?"

"உங்களோடதைக்கூட ஒரு தடவை பார்த்தேன் சார்."

நிர்வாகி இருமினார். தண்ணீர் குடித்தார். கோப்பு மூடிக்கொண்டது.

புகாருக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டுமே. நோயாளிகளின் ரகசியம் காக்க ஒரு குழு அமைத்து, "எங்கெங்க ஓட்டைன்னு அவருக்குத்தான் தெரியும்" என்று அவனையே தலைவனாக்கினார்கள். அவன் பேசிய முதல் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அவனுக்குக் கண் கலங்கியதாம்.

தங்கை கல்யாணத்துக்கு அவனை அழைக்கவில்லை. "நல்லதுக்குக் காலமில்ல" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அவள் புருஷன் இப்போது காய்ச்சல் என்றால்கூட இரண்டு பஸ் மாறி வேறு மருத்துவமனைக்குப் போகிறார். சில நாள் அவருடைய மாமியாரும் கூடவே போகிறாள். அவளுக்கு நெஞ்சுவலி. மகனிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள்.