ஐந்து புள்ளிக் கட்டி

போனில் பொருள் விற்பதற்கு வாய் தேவையில்லை. அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பத்தாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வெளி ஆட்களோடு நான்கு வார்த்தை சேர்த்துக் கதைத்ததில்லை. ஆனால் போனில் எழுதும்போது எனக்குக் கூச்சம் வராது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கு வேண்டாததைக் கொண்டுவந்து தருவார்கள். குழந்தைத் தொட்டில், தையல் மெஷின், ஒருமுறை கட்டிப் பார்த்த கலியாணச் சாரி. நான் படம் எடுத்து விளம்பரம் போடுவேன். பிறகு பேரம் வரும். சொல்லும் விலையில் கால் பங்கைக் கூட்டியே போட வேண்டும், எப்படியும் குறைத்துக் கேட்பார்கள். முதல் செய்தியிலேயே 'லாஸ்ட் பிரைஸ் என்ன' என்பவர் வாங்கமாட்டார். பழுதான இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்பவர் வாங்குவார். யாருக்கும் உடனே பதில் போடக் கூடாது, சோறு வடிக்கிற நேரமாவது காக்கவைக்க வேண்டும்.

பார்சல் கட்டும்போது மண்ணிறப் பட்டியை ஒட்டி முடித்ததும், பட்டியும் அட்டைப் பெட்டியும் சேரும் இடத்தில் குறுக்கே நீலப் பேனையால் ஒரு கோடு இழுப்பேன். வழியில் யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் கோடு நேராகப் பொருந்தாது. இன்னொரு பழக்கமும் இருந்தது. அனுப்புபவர் பெயராக என் பெயரை நான் எழுதுவதில்லை. பெண் பிள்ளையின் பெயரை ஊரெல்லாம் வாசிக்க வேண்டுமா என்று உம்மா ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து எல்லாப் பார்சலிலும் வாப்பாவின் பெயரைத்தான் எழுதினேன். பதுர்தீன், கற்பிட்டி.

வாப்பா கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவர் சுழியோடி, கடலடியில் மூழ்கிக் கடலட்டை பிடிப்பவர். அன்றைக்குக் காற்று அதிகம் என்று வெளிக்கடலுக்குப் போகாமல், உச்சமுனைத் தீவுக்குப் போகும் வழியில், களப்பு கடலோடு சேரும் இடத்தில் இறங்கினார். மேலே வரவில்லை. மூன்று நாள் மற்றச் சுழியோடிகள் தேடினார்கள். உடலும் இல்லை, கண்ணாடியும் இல்லை, காலில் போடும் துடுப்பில் ஒன்றுகூட இல்லை.

"கடல் ஒண்டையும் திருப்பித் தரல்ல. ஒரு அடையாளமாவது வரட்டும். அதுவரைக்கும் அவர் மவுத்துண்டு நான் சொல்லமாட்டன்" என்று உம்மா சொன்னார். அதற்குப் பிறகு அதையேதான் சொன்னார்.

உம்மாவின் தம்பி சுஹைர் மாமா முதல் வருடமே வெள்ளைத் துணி வாங்கி வந்தார், இத்தா இருப்பதற்காக. கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். உம்மா அந்தத் துணியைத் தொடவில்லை. அது அலுமாரியில் மடித்தபடி கிடந்தது. பிறகு நான்தான் அதை எடுத்து அறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். பின்னால் வெள்ளை இருந்தால் படத்தில் பொருள் எடுப்பாகத் தெரியும். துணிக்கு வேறு வேலை கிடைத்தது உம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழலாம் என்று மாமா வந்து வந்து கேட்பார். உடல் இல்லாதவருக்காகத் தொழும் தொழுகை அது.

"லெப்பையும் கேக்காரு, ஜமாஅத்தும் கேக்குது. நீங்க ஓமெண்டு ஒரு சொல் சொன்னாக் காணும் ராத்தா."

"ஒன்ட ராத்தாவ விதவையாக்க ஒனக்கு இவ்வளவு அவசரமா? தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போ."

வீட்டில் மிஞ்சியிருந்தது வாப்பாவின் பெல்ட் மட்டும்தான். இடுப்பில் கட்டிக்கொண்டு அடியில் இறங்குவதற்கு ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட். பழைய பற்றரிகளின் ஈயத்தை உருக்கி, தகர அச்சில் ஊற்றி, எட்டுக் கட்டிகளை அவரே வார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவு. முதலாவதில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு என்று எட்டு வரை ஆணியால் குத்தினார். ஆணியைப் பிடித்தது நான். எனக்கு அப்போது எட்டு வயது. ஐந்தாவது கட்டியில் நான்காவது புள்ளியின்போது கிணற்றடிக் கோழியைத் திரும்பிப் பார்த்தேன், புள்ளி வரிசையை விட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. "இது மகள்ட கட்டி" என்று வாப்பா சிரித்தார்.

கடைசி நாள் பெல்ட்டின் கொக்கி உடைந்திருந்தது. அவர் கூட்டாளியின் பெல்ட்டை இரவல் வாங்கினார். அதில் ஒரு கட்டி குறைந்ததால், தன்னுடையதிலிருந்து ஐந்தாவதை மட்டும் கழற்றிக் கொண்டுபோனார். மற்ற ஏழும் வீட்டிலேயே கிடந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் உம்மா அந்தப் பெல்ட்டை எடுத்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, வாசல் கதவருகே வைப்பார். அவர் வந்ததும் கட்டிக்கொண்டு போகலாம் என்பதைப் போல. பின்னேரம் திரும்ப எடுத்து உள்ளே வைப்பார். மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அதைத் தாண்டித்தான் நான் வெளியே போனேன். அந்தப் பெல்ட் வீட்டில் இருக்கும் வரை உம்மா கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அது இல்லாமல் போனால் அவர் அழுவார், ஏசுவார், பிறகு மாமா கேட்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார். அதனால் உம்மா குளிக்கப் போன நேரம் பெல்ட்டை வெள்ளைத் துணியின் முன்னால் வைத்துப் படம் எடுத்தேன். புள்ளிகள் தெரியக் கூடாது என்று கட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

விளம்பரம் போட்ட அன்றைக்கே கேள்விகள் வந்தன. சிலாபத்திலிருந்து ஒருவர் பாதி விலை சொன்னார். இன்னொருவர் பெல்ட்டுக்குப் பதிலாகப் புறாக் கூடு தருவதாக எழுதினார், "புறா ரெண்டும் ஃப்ரீ" என்று. ஒரு பழைய இரும்புக்காரர் ஈயம் கிலோ எவ்வளவு என்று கேட்டார். உருக்கிவிடுவார். அவருக்குப் பதில் போடவில்லை.

அடுத்த நாள் நண்பகல் ளுஹர் பாங்கு சொல்லும் நேரம் இந்தச் செய்தி வந்தது. அர்கம் என்று பெயர். படம் இல்லை.

"இன்னும் இரிக்கா?"

"ஓம்."

"எத்தன கட்டி?"

"ஏழு. படத்துல இரிக்கி."

"எட்டுல்ல? அஞ்சு புள்ளி போட்டதக் காணல்ல."

நான் விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். படத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. வெளியே காற்று தென்னோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. இரவல் பெல்ட் கொடுத்த கூட்டாளியாக இருக்குமோ என்று நினைத்தேன். அவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம். அவருக்கும் புள்ளிக் கணக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சோறு வடிக்கும் நேரமெல்லாம் காத்திருக்க முடியவில்லை. உடனே எழுதினேன்.

"அது உங்கள்ட இரிக்கா?"

"இரிக்கி."

"எங்க எடுத்தீங்க?"

பிறகு வந்தது.

"எடுக்கல்ல. இருந்த எடத்துலயே இரிக்கி."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப நிமிர்த்தியபோது இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

"நீங்க சொன்ன வெலைய தாறன். ஒரு ரூபா கொறைக்க வாணாம்."

"வேற ஆருக்கும் குடுக்க வாணாம். எட்டும் ஒண்டா இரிக்கோணும்."

இத்தனை பேரத்தில் விலையைக் குறைக்க வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் கண்டதில்லை. விலாசம் கேட்டேன். உச்சமுனை என்று மட்டும் வந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உம்மா கேட்ட அடையாளம் அந்த ஆளிடம் இருந்தது. ஏழு கட்டிகளையும் அனுப்பினால் காணாமல்போன ஐந்தாவதன் வழி தெரியும் என்று நினைத்தேன். அந்த வரிகளை அன்றைக்கே என் கொப்பியில் எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்சலைத் தூக்கிக்கொண்டு கூரியர் கந்தோருக்குப் போனேன். அங்கே இருக்கும் மார்த்தா அக்கா வன்னியிலிருந்து வந்து இங்கே கலியாணம் முடித்தவர். என்னைப் பேச வைப்பது அவருக்கு ஒரு விளையாட்டு.

"என்ன பிள்ளை, கருவாடோ? போன கிழமை ஒருத்தி கருவாட்டை உடுப்பெண்டு சொல்லித் தந்திட்டுப் போயிட்டாள். லொறிக்குப் பின்னால ஊர்ப் பூனையெல்லாம் ஓடினது."

நான் தலையை ஆட்டினேன். அவர் தராசில் வைத்து, பெட்டியின் மேல் தடித்த பேனையால் 7.3 என்று எழுதினார். பிறகுதான் விலாசத்தைப் பார்த்தார்.

"உச்சமுனைக்கு எங்கட ஆக்கள் போறேல்லையே அம்மா. ஜெட்டியில போற போட் எதிலயாவது குடுத்துவிடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் அனுப்புறவை. ஒரு பேர் எழுதியிருந்தாக் காணும், போய்ச் சேரும்."

படகுத்துறை ஜெட்டியில் உச்சமுனைக்குப் போகும் லாபிர் நானாவின் போட் புறப்பட நின்றது. பெட்டியை நீட்டினேன். அவர் பெயரை வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் பெட்டியை வாங்கி வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரத்தில்தான் எனக்கு உறைத்தது. அர்கம் என்ற பெயரைப் பொடியாக ஒரு ஓரத்தில் எழுதியிருந்தேன். பெரிதாக எழுதியிருந்தது, கூரியருக்கு எழுதிப் பழகியபடி, பதுர்தீன். போட்டில் போகும் பொதிகளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அது பெறுபவருடைய பெயர்.

புதன் முழுக்க அர்கமிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வியாழன் காலை நான் எழுதிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அந்த உரையாடலே இல்லை. தேடினால் அப்படி ஒரு ஆள் இல்லை என்று காட்டியது.

பத்து மணிபோல லாபிர் நானா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பெட்டி. உம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னவென்று கேட்டார்.

"ராத்தா, ஒங்கட வூட்டுப் பார்சல். உச்சமுனையில அர்கமுண்டு ஒருத்தரும் இல்லயாம். வூடு வூடா கேட்டுட்டன்." அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "கோவிக்க வாணாம், ஒண்டு சொல்லணும். மேல பதுர்தீன்ட பேர் கண்டன். பேரோட பார்சல வெச்சிக்கிட்டு அந்த எடத்தத் தாண்ட மனசு வரல்ல. எஞ்சின நிப்பாட்டி, எல்லாருமா ஒரு பாத்திஹா ஓதினோம்."

இறந்தவருக்காக ஓதுவது அது. வாப்பாவுக்காக யாரும் பாத்திஹா ஓத உம்மா விட்டதே இல்லை.

"ஓதி முடிஞ்சதும் காத்து விழுந்திட்டுது. போட் ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சுது, ஒரு ஆள் கைய வெச்ச மாதிரி. பொறவு கரையில எறக்க பார்சலத் தூக்கினா பாரமாக் கெடக்கு. எங்கட மீன் தராசுல போட்டன். மேல எழுதினது ஏழு மூணு. தராசு எட்டு மூணுல நிக்குது. தராசுதான் பழுதுண்டு நெனச்சி வேற தராசுலயும் போட்டன்."

"என்ன பார்சல் அது?" என்று உம்மா என்னைக் கேட்டார்.

நான் சொல்லிவிட்டேன். பெல்ட்டை எடுத்தது, படம் போட்டது, எல்லாம். உம்மா ஏசுவார் என்று நின்றேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரி" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். மண்ணிறப் பட்டி நான் ஒட்டியபடியே இருந்தது. நீலக் கோடு பட்டியிலிருந்து அட்டைக்கு மயிரிழை விலகாமல் போயிற்று. நான்கு பக்கமும் பார்த்தேன். கத்தியால் கீறிப் பிரித்தேன். ஏழு கட்டிகளும் நான் கடுதாசி சுற்றியபடி காய்ந்து கிடந்தன. நடுவில், கடுதாசி இல்லாமல், ஒன்று. அதன் மேல் வெள்ளையாகச் சிப்பி படர்ந்து இறுகியிருந்தது. அது ஈரமாக இருந்தது. ஆனால் அட்டைப் பெட்டியின் அடி நனைந்திருக்கவில்லை.

விரலால் தடவினேன். சிப்பிக்கு இடையில் ஐந்து புள்ளிகள். நான்காவது வரிசையை விட்டு ஓரத்தில்.

லாபிர் நானா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் படியிறங்கினார்.

உம்மா அந்தக் கட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்தானையால் துடைத்தார். துடைத்த இடம் திரும்ப நனைந்தது. நான் ஒரு சீலைத்துண்டைக் கொண்டுவந்து துடைத்தேன். வெயிலில் வைத்தோம். பங்குனி வெயில், சீமெந்துத் தரையில் கால் வைக்க முடியாது. பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் கட்டியின் மேல் ஈரம் போகவில்லை. வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

அந்தி மஃரிபுக்கு முன்னால் சுஹைர் மாமா வந்தார். லாபிர் நானா கடைத்தெருவில் சொல்லியிருக்க வேண்டும். அவர் கட்டியைப் பார்த்தார், கேட்க வந்ததைக் கேட்கவில்லை. உம்மாதான் சொன்னார்.

"நாளைக்கு ஜும்ஆ முடியத் தொழச் சொல்லு தம்பி."

மாமா சரியென்று தலையை ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். தேத்தண்ணி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உம்மா என் அறைக்கு வந்தார். சுவரில் இருந்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினார். ஒரு மூலையில் தையல் மெஷினின் எண்ணெய்க் கறை இருந்தது. அதைக் கழுவித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம். இனி நேரமில்ல" என்றார். துணியை உடுத்திக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தார். "அந்த வெளம்பரத்த எடுத்திரு மகள்."

எடுத்தேன். ஏன் நீக்குகிறீர்கள் என்று போன் கேட்டது. விற்றாயிற்று, மனம் மாறியது, வேறு காரணம். நான் எதையும் தொடாமல் மூடினேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாப்பாவின் பெயரைச் சொன்னது எங்கள் முற்றம் வரை கேட்டது. பிறகு தக்பீர் நான்கு முறை. கடைசி சலாமும் கேட்டது. நான் கதவருகே போய்ப் பார்த்தேன். பெல்ட் வைக்கும் இடத்தில் அந்தக் கட்டியை மட்டும் வைத்திருந்தோம். குனிந்து தொட்டேன்.

காய்ந்திருந்தது. தரையில் அதைச் சுற்றி மெல்லிய உப்புக் கோடு ஒன்று வெள்ளையாக நின்றது.