பாய்லருக்குப் பின்னால் கேப்டன்

ஆல்வினின் ஆட்களை முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேச மறந்துவிடுவார்கள். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உலோகப் பொம்மைகள். ஆகாயக் கப்பலில் வந்திறங்கிய கொள்ளைக் கூட்டம். ஒருத்தனுக்குப் பித்தளைக் கை, ஒருத்திக்கு முதுகில் நீராவி யந்திரம், எல்லார் கோட்டிலும் கரி. மழை பட்டால் அந்தப் பித்தளையில் எங்கே களிம்பு ஏறும் என்பதுவரை யோசித்துப் பெயின்ட் அடித்திருப்பார். பொம்மை என்றால் எங்களோடு விளையாடுகிற கீரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும். பகல் முழுக்க நாட்டிங்காமில் டிராம் ஓட்டிவிட்டு வருகிறவள் நான். எனக்கு அது பொம்மைதான், எனக்கு அது உயிரும்தான்.

அத்தனை அழகுக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல ஒரு கேப்டன் இருந்தாள். பெயின்டுக்கு மேல் பெயின்ட் அடித்து, மூக்கு எது முழி எது என்று தெரியாத கேப்டன். மற்றவர்களுக்கு இமைமயிர்கூட வரைகிற மனிதர் இவளை மட்டும் ஏன் இப்படிக் குட்டிச்சுவராக்கினார் என்று யாருக்கும் புரியவில்லை. குண்டு கேப்டன் என்று பெயர் வைத்தோம். "சோறு யாரு போடறா அவளுக்கு?" என்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆல்வின் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹாலில் மேஜை போட்டு, அட்டையில் செய்த ஒரு பாழடைந்த ஊரை அதில் பரப்பி, அவரவர் கூட்டத்தை இறக்கிச் சண்டை போடுவோம். தீர்ப்புச் சொல்கிறவள் நான். அந்த ஊரின் கோடியில் ஒரு பெரிய பாய்லர் உண்டு. ஆல்வின் தன் கேப்டனை அதற்குப் பின்னால் நிறுத்துவார். நிறுத்தினால் நிறுத்தினதுதான், அசைக்கவே மாட்டார். எதிராளி பாய்லர் பக்கம் வந்தால் போதும், கையை நீட்டி, "தோத்துட்டேன்பா, நல்லா விளையாடினே" என்று குலுக்கிவிட்டு, புதினா சாஸ் ஊற்றிய பட்டாணிக் கிண்ணத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடுவார். ஜெயிக்கிற ஆட்டத்தையும் அப்படி விட்டிருக்கிறார். எனக்கு எரிச்சலாக வரும்.

எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. புதிதாகப் பெயின்ட் அடித்த ஆள் தன் முதல் ஆட்டத்தில் செத்தே தீருவான். எவ்வளவு பொத்திப் பாதுகாத்தாலும் பகடை அவனைத் தேடிப் பிடித்துவிடும். அது ஒரு கண்டம். அந்தச் சாவு கழிந்துவிட்டால் அப்புறம் பயமில்லை. வேடிக்கையாகத்தான் சொல்வோம், ஆனால் எல்லாரும் நம்புவோம்.

போன மாதம் ஆல்வின் கண்புரை எடுத்துக்கொள்ளப் போனார். பொம்மைப் பெட்டியை வழக்கம்போல ஹால் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் கீரனுக்கு அந்த யோசனை வந்தது. கீரன் எங்கள் கூட்டத்திலேயே பரிசெல்லாம் வாங்குகிற கை. ஆல்வின் என்றால் அவனுக்கு உயிர்.

"பெவ், அவருக்கு இனிமே எல்லாம் பளிச்சுன்னு தெரியும்ல? அந்தக் கேப்டனைப் பார்த்தா மனுஷன் பயந்துடுவாரு. நான் அதைச் சுத்தம் பண்ணி, புதுசா அடிச்சு வச்சிடறேன்."

"கேட்டுட்டுச் செய், வாத்து" என்றேன். எங்கள் ஊரில் பாதிரியாரைக்கூட வாத்து என்றுதான் கூப்பிடுவோம். "அடுத்தவங்க ஆள் மேல கேட்காம கை வைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"கேட்டா அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?"

தடுத்திருக்கலாம். எனக்கும் அந்தக் குண்டம்மாவின் நிஜ முகத்தைப் பார்க்க ஆசைதான்.

பழைய பெயின்டை எடுக்க நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. தரை துடைக்கிற கிருமிநாசினியில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் தேய்ப்போம். கீரன் ஊறவைத்த பாட்டிலோடு வந்து, ஹால் சமையலறைத் தொட்டியில் நின்று தேய்த்தான். கறுப்பு போயிற்று, பழுப்பு போயிற்று, பித்தளை போயிற்று. அடியில் இன்னொரு கறுப்பு, அதற்கடியில் இன்னொரு பழுப்பு. தோல் உரிகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"இத்தனை கோட்டா? மனுஷனுக்குக் கிறுக்கா?" என்றான். பிறகு, "இது என்ன, போக மாட்டேங்குது?" என்று அழுத்தித் தேய்த்தான். தொப்பியிலிருந்து ஒரு சில்லு தெறித்தது.

"நிறுத்துடா!" என்று கையைப் பிடித்தேன்.

ரோஸ் நிறம். ஜிகினா கலந்த ரோஸ். கோட்டு, பூட்ஸ், கைத்துப்பாக்கி, எல்லாமே ரோஸ். அடிப்பூச்சுக்கான பிரைமர்கூட அடிக்காமல் உலோகத்தின் மேல் நேராகப் பூசியது.

"அது பெயின்ட் இல்ல, நெயில் பாலிஷ். கிருமிநாசினிக்கு அது மசியாது."

முகத்தில் இரண்டு பெரிய நீலக் கண்கள், ஒன்று மேலே ஒன்று கீழே. காதுவரை ஒரு சிரிப்பு. திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. எங்கள் எல்லாருடைய முதல் பொம்மையிலும் அந்தத் தழும்பு இருக்கும். காய்கிறவரை பொறுக்க முடியாமல் கையில் எடுத்துப் பார்க்கிற அவசரம். என் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரேகை அதைவிடச் சின்னது.

ஆல்வின் வீட்டு மாடிப்படிச் சுவரில் முன்பல் விழுந்த ஒரு பெண்குழந்தையின் படம் இருக்கிறது. அவர் மகள் ஹெட்டி. மூளைக்காய்ச்சலில் ஒரே நாளில் போய்விட்டாள் என்று அவர் மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னாள். ஆல்வின் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கீரனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல அடிச்சிடறேன் பெவ். அதே கலரு, அதே குண்டு. அவருக்குத் தெரியவே தெரியாது." பிரைமர் டப்பாவை எடுத்துக் குலுக்கவே ஆரம்பித்துவிட்டான்.

பிடுங்கிக்கொண்டேன். "மூடி வச்சது அவரு, திறந்தது நீ. இனிமே என்ன செய்யறதுன்னு அவருதான் சொல்லணும்."

அடுத்த வியாழன் ஆல்வின் வந்தார். கதவிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெவ், உன் தலை இவ்வளவு நரைச்சிருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே!"

"கண்ணைத் திறந்ததும் வம்பா?" என்றேன். என்னால் சிரிக்க முடியவில்லை. கீரன் முன்னால் வந்து உள்ளங்கையைத் திறந்தான்.

ஆல்வின் தொடவில்லை. குனிந்து பார்த்தார். புதுக் கண்ணுக்கு அந்த ரோஸ் எப்படி எரிந்திருக்குமோ தெரியாது.

"கேட்காம எடுத்தியா?"

"ஆமா."

"என் முன்னால நிக்காத. போ."

கீரன் போகவில்லை. அழுதுகொண்டே கையை நீட்டியபடி நின்றான். கடைசியில் ஆல்வின்தான் பொம்மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்தபடியே பேசினார், எங்களிடமா அவளிடமா என்று சொல்ல முடியாது.

"அவ அம்மாவோட நெயில் பாலிஷைத் திருடி அடிச்சா. சுரண்ட எனக்கு மனசு வரலை. பார்க்கவும் முடியலை. அதான் மேல அடிச்சேன். நினைப்பு வர்றப்பல்லாம் ஒரு கோட்டு. அதான் குண்டாயிட்டா."

குண்டு என்று சொன்ன என் வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

"முன்வரிசையில நிறுத்தணும்னு குதிச்சா. நான் விளையாட்டா, 'புதுசு இல்லையா, முதல் ஆட்டத்துல செத்துடுவாளே'ன்னேன். அவ்வளவுதான், ஒரே அழுகை. 'அப்போ பாய்லருக்குப் பின்னால ஒளிச்சு வை அப்பா. கண்டம் கழிஞ்சதும் முன்னாடி விடலாம்'னா. சரின்னேன். அந்த வாரமே..." நிறுத்திக்கொண்டார். "சாகாம கண்டம் எப்படிக் கழியும்? குழந்தைக்கு அது தெரியலை. எனக்குத் தெரியும். ஆனா சொல்லிட்டேனே, ஒளிச்சு வைக்கிறேன்னு."

பிறகு எழுந்து மேஜைக்குப் போனார். "வா கீரன், விளையாடலாம்."

கேப்டனைப் பாய்லருக்குப் பின்னால் நிறுத்தினார். தொப்பியில் சில்லு போன இடத்தில் வெறும் உலோகம் மின்னியது. பெயின்ட் இல்லாத ஆள் மேஜையேறக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதைக் காட்டி எத்தனையோ பேரை நான் இறக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

கீரனின் படையான குள்ளப் பூதங்கள் வேண்டுமென்றே மேஜையின் மறுபக்கமே சுற்றின. ஆல்வினுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன, ஊர்வலமா போற? விட்டுக்கொடுக்கிறதா இருந்தா சொல்லு, பெட்டியைக் கட்டறேன்." அதற்குப் பிறகு கீரன் ஒழுங்காக விளையாடினான். வில் வைத்திருந்த ஒரு பூதம் பாய்லரைச் சுற்றி வந்து கேப்டனுக்கு எதிரே நின்றது. நாங்கள் எல்லாரும் ஆல்வினின் கையைப் பார்த்தோம்.

அது நீளவில்லை. கீரன்தான் கையை நீட்டினான். "நான் தோத்துட்டேன் ஆல்வின். நல்லா விளையாடினீங்க."

ஆல்வின் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்து, திருப்பி, அதில் பகடையை வைத்து மூடினார்.

"உருட்டு."

"என்னால முடியாது."

"அவ எவ்வளவு நாள்தான் அங்கேயே நிப்பா? உருட்டுடா."

நாலுக்கு மேல் விழுந்தால் சாவு. ஐந்து விழுந்தது.

செத்த ஆளைச் சாய்த்துப் படுக்கவைப்பது எங்கள் வழக்கம். ஆல்வின் அவளைப் படுக்கவைக்கவில்லை. எடுத்து, முதுகில் தன் கட்டைவிரலை வைத்துப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்த ஹாலில் அழாதவர் யாரும் இல்லை.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேஜையோரமாக, சண்டை தெரிகிற மாதிரி அவளை நிறுத்தினார்.

"தொப்பியை மட்டும் நான் சரி பண்ணித் தரட்டுமா?" என்று கீரன் மெதுவாகக் கேட்டான்.

"தொட்டேன்னா கையை ஒடிப்பேன்" என்றார் ஆல்வின். "அவ கண்டம் கழிஞ்சுது. அடுத்த வாரம் முன்வரிசையில வர்றா. உன் பூதங்களைப் பத்திரமா பார்த்துக்கோ."