வளைக்காத குரல்

அந்த நீல அட்டைப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சீனர்களுக்கு வியட்நாமிய மொழி பேசக் கற்றுத்தருகிற புத்தகம். ஒவ்வொரு வியட்நாமியச் சொல்லுக்கும் கீழே, ஏறத்தாழ அதே ஓசை வருகிற சீன எழுத்துகளைப் பொடியாகப் போட்டிருந்தார்கள். நம்மூர் பஸ் ஸ்டாண்டில், இந்திச் சொல்லுக்குக் கீழே ‘பானி சாஹியே’ என்று தமிழில் போட்டு விற்பார்களே, அதே ரகம். அப்படி ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டுதான் நானும் துபாய்க்கு வந்தேன். வந்த அன்று முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டதும் டாக்சிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

துபாயின் தேரா பகுதியில் இர்ஷாத் பாயின் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் நான்கு வருடமாக எனக்கு வேலை. ‘தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும்’, ‘ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வராதீர்கள்’ போன்றவற்றைப் பத்து மொழிகளில் பதிவு செய்து கம்பெனிகளுக்குக் கொடுப்போம். பேசுகிறவர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் நான். தமிழுக்கு வெளியாள் எதற்கு, நானே பேசுகிறேனே என்று முதல் மாதமே கேட்டேன். பாய் காயல்பட்டினத்துக்காரர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

“எப்சிபா, நீ வாயத் தொறந்தா கொளச்சல் மீன் சந்தை தெரியுது. கேக்குறவன் மலையாளத்துக்குப் போன் போயிருச்சுன்னு வச்சிருவான்” என்றார்.

அன்றிலிருந்து சென்னைப் பெண் பிருந்தா பேசுகிறாள், நான் வெட்டி ஒட்டுகிறேன். பாயிடம் பேசும்போதுகூட என் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து டிவி தமிழாக்கி வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் லின். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஆலைக்குப் புதுச் சூளை கட்டுகிற சீனக் கம்பெனியில் பயிற்சி அதிகாரி. அங்கே போர்மேன்கள் பன்னிரண்டு பேரும் சீனர்கள், வேலையாட்கள் நாற்பது பேரும் வியட்நாமியர்கள். போர்மேன்கள் கேட்டுப் பழகுவதற்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யவேண்டும். லின் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குரல் ஏறி இறங்குவதை வைத்தே சொல்லின் பொருள் மாறுகிற தொனிகள் சீனத்தில் நான்கு, வியட்நாமியத்தில் ஆறு. நான்குக்குப் பழகிய காதில் ஆறை எப்படி ஏற்றுவது என்று யாரோ உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொனிக்கும் ஒரு கோடு வரைந்து பட்டியல் போட்டிருந்தார்கள். ‘இது நம் இரண்டாம் தொனி மாதிரி’, ‘இதற்கு நம்மிடம் ஈடு இல்லை, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கவும்.’ லின் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அந்த உழைப்பின் மேல் மரியாதைதான் வந்தது. ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் ‘கேட்டுச் சொல்லவும்’ என்று இருந்தது.

பேச வந்தவள் லியென். தேராவிலேயே ஓர் அழகு நிலையத்தில் நகம் அலங்கரிக்கிற வேலை. பிறந்தது வியட்நாமின் நடுப்பகுதியில், ங்ஙெ ஆன் என்கிற மாகாணம். பாய் அந்தப் பெயரைச் சொல்ல முயலவே இல்லை. எங்கள் வீட்டில் மாங்காயை மாங்ஙா என்றுதான் சொல்வோம், அதனால் அந்தப் பெயர் என் வாயில் தன்னால் வந்தது. லியென் சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்த மாங்ஙாவுக்காகக் காலேஜ் ஹாஸ்டலில் என்னைக் கேலி செய்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடையில் லீவு போட்டுவிட்டு இரண்டே நாளில் பன்னிரண்டு பாடங்களையும் முடித்தாள். இடையில் தேநீர் குடிக்கும்போது தன் தம்பியின் படத்தைக் காட்டினாள்.

“இவன் தொவான். அந்தச் சூளையிலதான் வேலை பாக்கறான். நாற்பது பேரும் எங்க மாகாணம்தான். போர்மேன் வந்து எங்க பேச்சுல ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதுக்காகத்தான் வந்தேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வியாழக்கிழமை லின் வந்து உட்கார்ந்தார். என் திரையில் குரலின் ஏற்ற இறக்கம் கோடாக ஓடும். லின் புத்தகத்தை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். புத்தகத்தில் முறிந்து மேலே ஏறுகிற தொனி ஒன்று, லியெனிடம் கீழே இறங்கி அடங்கியது. ஓரிடத்தில் இல்லை, அது வருகிற எல்லா இடத்திலும்.

“இது தப்பு” என்றார்.

“தப்பில்லை. எங்க ஊர்ல இப்படித்தான்” என்றாள் லியென்.

“புத்தகம் ஹனோய்ப் பேச்சுல இருக்கு. தலைநகரத்துல பேசற மாதிரி உங்களால படிக்க முடியாதா?”

அவள் மைக்கை இழுத்து அதே வரியைப் படித்தாள். கோடு புத்தகத்துக் கோட்டை அச்சில் வார்த்த மாதிரி ஓடியது. லின் முகம் மலர்ந்தது.

“ஹனோய்ல ரெண்டு வருஷம் துணிக்கடையில நின்னேன்” என்றாள் லியென். “நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. அதனால இதையும் கத்துக்கிட்டேன். முடியும். ஆனா செய்ய மாட்டேன். அந்த நாற்பது பேர்ல ஒருத்தன்கூட இப்படிப் பேசறதில்லை. யாருக்காக இப்படிப் படிக்கணும்?”

லின் அவளோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“உங்ககிட்ட அதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு இல்லையா? கோட்டை எல்லாம் புத்தகத்துக்குச் சரியா இழுத்து வச்சிடுங்க. வேற ஆள் தேட நேரமில்லை, திங்கட்கிழமை முதல் வகுப்பு.”

இருக்கிறது. பாட்டுக்காரர்களுக்குச் சுருதி விலகினால் அதைத்தான் எடுப்போம். மவுஸால் பிடித்து இழுத்தால் இறங்குகிற குரல் ஏறும், ஏறுகிற குரல் இறங்கும். பாடியவரே கேட்டு வாங்குவார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். இவள் கேட்கவில்லை. கண்ணை என் மேலிருந்து எடுக்காமல், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

லின் போனதும் பாய் என்னைக் கூப்பிட்டார். “கஸ்டமர் கேக்குறதச் செஞ்சு குடு எப்சிபா. நமக்கென்ன வந்துச்சு?”

“அது அவங்க குரல், பாய். அவங்க வேண்டாம்னு சொல்றாங்க. அதை வளைச்சு, அவங்க பேரையும் போட்டுக் குடுக்கறது சரியில்லை.”

“ஒன் விசா அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஆனா நான் வளைக்க மாட்டேன்.”

நான்கு வருடத்தில் பாயிடம் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. விசா போனால் என்ன ஆகும் என்று தெரியாத குழந்தையும் இல்லை நான். பயமாகத்தான் இருந்தது, பயந்துகொண்டேதான் சொன்னேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சனியும் ஞாயிறும் தானே உட்கார்ந்து பன்னிரண்டு பாடங்களையும் வளைத்து என் லேப்டாப்பில் ஏற்றி வைத்தார். லியென் பேசிய அசலும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஸ்பீக்கர் கட்டுவதும் லேப்டாப்பை ஓட்டுவதும் எப்போதும் என் பொறுப்பு என்பதால் திங்கட்கிழமை காலை ராஸ் அல் கைமாவுக்கு நான்தான் போனேன். கேம்ப் மெஸ்ஸில் வகுப்பு. முன்னால் பெஞ்சுகளில் போர்மேன்கள் நீலப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே வியட்நாமியர்கள் நாற்பது பேரும் சூளைத் தூசியோடு வந்து நின்றார்கள். போர்மேன்கள் கேள்வி கேட்கவேண்டும், இவர்கள் பதில் சொல்லவேண்டும், அதுதான் பயிற்சி. லின் தலையசைத்தார். பாயின் ஃபைலை நான் அழுத்தினேன். அழுத்தினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுத்தினேன்.

‘சாப்பிட்டாச்சா?’ என்று ஸ்பீக்கர் கேட்டது. போர்மேன்கள் புத்தகத்தைப் பார்த்தபடி அதையே கோரஸாகக் கேட்டார்கள். எதிரே ஒருவரும் வாய் திறக்கவில்லை. லின் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போட்டேன். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள்.

“புரியலையா?” என்று லின் ஆங்கிலத்தில் கேட்டார்.

மெலிந்த இளைஞன் ஒருவன் முன்னால் வந்தான். லியென் காட்டிய படத்தில் இருந்த தம்பி தொவான்தான். அக்காவுக்கு இருக்கிற அதே நிமிர்ந்த பார்வை.

“புரியுது. டிவியில செய்தி இப்படித்தான் வாசிப்பாங்க, சின்ன வயசுலேர்ந்து கேக்கறோம்” என்றான்.

“அப்ப ஏன் பதில் சொல்லல?”

“இது எங்க அக்கா குரல். எங்க அக்கா இப்படிப் பேச மாட்டா.” அவன் ஸ்பீக்கரைக் கைகாட்டினான். “அவளை என்ன பண்ணினீங்க?”

லின் என்னைத் திரும்பிப் பார்த்தார். வளைத்தது நான் இல்லை என்று கத்தவேண்டும் போல இருந்தது எனக்கு. கத்தி என்ன பிரயோஜனம், அழுத்தியது என் கைதானே. பாயின் ஃபைலை மூடினேன். யாரையும் கேட்காமல் அசலைத் திறந்து ஒலியை முழுசாக ஏற்றினேன்.

‘சாப்பிட்டாச்சா?’ லியென் கேட்டாள். கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த, அவளுடைய சொந்தக் குரல். நாற்பது பேரும் ஒன்றாகப் பதில் சொன்னதில் தட்டு அடுக்கியிருந்த மேசை அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் இன்னும் எதையோ சேர்த்துச் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொவான் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வயதில் மூத்த போர்மேன் ஒருவர் புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார். ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பி, இன்னொரு முறை போடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். கேட்டார், சொன்னார். தப்பு. நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். மறுபடி சொன்னார், மறுபடி தப்பு. மூன்றாம் முறை சொன்னபோது தொவான் அவர் முகத்தை நேராகப் பார்த்து, “சாப்பிட்டாச்சு” என்று அவர்கள் பேச்சில் பதில் சொன்னான்.

லின் என் அருகில் வந்து குனிந்தார். “நான் இந்த ஃபைலைக் கேக்கல. புத்தகத்தோட பொருந்தற பதிவைத்தான் தலைமை ஆபீஸ் ஒத்துக்கும்.”

“இவங்க ஒத்துக்கலையே” என்றேன்.

அவர் புத்தகத்தையும் அந்த நாற்பது பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாற்றிப் போடு என்று மட்டும் சொல்லவில்லை. வெளியே போய்ப் போனை எடுத்தார்.

பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது. இரண்டாம் பாடத்துக்கு முன்னால் இடைவேளை விட்டிருந்தார்கள், நான் மெஸ் வாசலில் வெயிலில் நின்றிருந்தேன்.

“யாரக் கேட்டு அதப் போட்ட?” பாய் கத்தினார். “அடுத்த பாடத்துக்கு நான் செஞ்ச ஃபைலப் போடு. இல்லன்னா ஒன் விசாவ மறந்துரு!”

நாக்கின் நுனியில் வழக்கம்போல அந்தத் தேய்த்த தமிழ் வந்து நின்றது. ‘சரி பாய், சாரி பாய்.’ அதை விழுங்கினேன்.

“அவளுக்க சத்தம் அவளுக்க சத்தமாட்டுதான் இருக்கும், பாய்” என்றேன். “நான் மாத்த மாட்டேன். விசாவ நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஊருக்குப் போறதுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.”

“என்ன பேச்சு பேசுற நீ? ஒழுங்காப் பேசு!”

“இதுதான் எனக்க பேச்சு. நாலு வருசமாட்டு ஒங்களுக்காக முழுங்கி வச்சிருந்தேன்.”

உள்ளே பெஞ்சுகள் இழுபடுகிற ஒலி கேட்டது. தொவான் வாசலுக்கு வந்து, இரண்டாம் பாடம் தொடங்கலாமா என்று கையால் கேட்டான்.

“நான் உள்ள போறேன் பாய். அதுக்கு முன்ன ஒரு தடவ பையப் பைய சொல்லுதேன், கேட்டுச் சொல்லுங்க” என்றேன். “வளைக்க மாட்டேன்.”