தலைகீழாய் நின்ற வாத்துகள்

கதிரவன் கூரைகளின்மேல் காலூன்றிச் சாயக்காரர் தெருவை எட்டிப்பார்க்கும் இளங்காலை. வீட்டுக்கு வீடு கட்டிய கொடிகளில் ஈரத்துணிகள் நீலமும் மஞ்சளும் செம்மண் நிறமுமாய் நீர் சொட்ட, அந்நீரெல்லாம் கலந்தோடிய வாய்க்கால் தன் நிறம் இன்னதென்று தானே அறியாது தடுமாற, நேற்றுவரை வெண்மையாயிருந்த தன் கால்கள் இன்று நீலமாயிருக்கக் கண்ட பூனையொன்று நக்குவதா விடுவதா என்று எண்ணி நிற்க, தெரு முழுதும் விழித்தெழுந்து கலகலத்த அவ்வேளையில், அன்புடையீர், ஒரு வீடு மட்டும் வாய் திறவாதிருந்தது.

அவ்வீட்டின் முன்னறை அச்சுக்காரருடையது. பின்னறை அவர் மனைவியாகிய தையற்காரியுடையது. மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்துப் பருத்தித் துணியில் பதித்து, கட்டையின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவது அவர் வேலை. அவர் அச்சிட்டு முடித்ததை வெட்டித் தைப்பது அவள் வேலை. பத்தொன்பது ஆண்டு பிசகாது நடந்த இவ்வொழுங்கின் நடுவே, நான்கு நாளுக்கு முன், வயிறு நிறைய உண்ட மகிழ்ச்சியில் அவர் ஒரு சொல்லைச் சிந்திவிட்டார்.

"துணிக்கு உயிர் குடுக்கிறது நான். நீ என்ன, சும்மா ஒட்டுப் போடுற."

அன்று மூடிய அவள் வாய் திறக்கவில்லை. முதலில் பேசுபவரே தோற்றவர் என்று தமக்குத் தாமே முறை வகுத்துக்கொண்ட அவரும், உணவில் உப்பில்லாதபோதும் உப்பிருப்பதாய் எண்ணியே விழுங்கி வந்தார்.

இந்நிலையில்தான் நீராடல் அங்கிகளுக்குச் சொல் வந்தது. ஊரின் பெரிய விடுதியை நடத்தும் அம்மையார், குளித்தெழும் விருந்தினர்க்கு நாற்பது அங்கிகள் வேண்டுமென்றும், தோளில் தையல் உறுத்தலாகாதென்றும், ஒன்று செய்து காட்டி அது பிடித்தால்தான் மற்றவையென்றும் சொல்லியனுப்பினார். அந்த நாற்பதும் வந்தால் பட்டறை நிமிரும். வாராவிட்டாலோ, மனைவியின் தமையன் நடத்தும் சாயச்சாலையில், "வாங்க மாப்ள, வாளியத் தூக்குங்க" என்னும் வரவேற்பு காத்திருந்தது. வாளியைவிட அந்த 'வாங்க'தான் அவருக்குக் கனத்தது.

ஆதலால் அச்சுக்காரர் தம் திறமெல்லாம் திரட்டி, தாமே செதுக்கிய புதிய கட்டையால், வாத்துகள் யாவும் ஒருபக்கமே தலைநிமிர்ந்து அணிவகுக்கத் துணியை நிறைத்தார். இலையும் கொடியும் அச்சிடும் நாளில் துணிக்கு மேலுமில்லை, கீழுமில்லை. தலையும் காலும் உடைய உருவாயின், 'இதுக்கு மேல்பக்கம் உண்டு' என்று பின்னறைக்கு ஒரு குரல் கொடுத்து, எப்படி வெட்டுவதென இருவரும் கூடிப் பேசுவர். இப்போதோ குரல் கொடுத்தால் தோற்றவராவாரே! துணியை மடித்து இடைவாயிலில் வைத்துவிட்டு, இருமியபடி நகர்ந்தார்.

மூன்றாம் நாள் அம்மையார் வந்து, உடுத்திய உடைமேலேயே அங்கியை அணிந்து நிலைக்கண்ணாடிமுன் நின்றார். மார்பில் வாத்துகள் நிமிர்ந்து நீந்தின. அம்மையார் முகம் மலர்ந்தது. அச்சுக்காரர் நெஞ்சு நிறைந்தது. முதுகையும் காண அம்மையார் திரும்பினார். தோளில் தையலின்றி, முன்னும் பின்னும் ஒரே துணியாய் மடிந்து இறங்கிய அவ்வங்கியின் முதுகெங்கும், படையிழந்த வீரர்போல், வாத்துகள் அத்தனையும் தலைகீழாய் நின்றன.

"அச்சுக்காரரே, பின்னாடி இதெல்லாம் ஏன் கவுந்து கிடக்கு?"

"முங்குதும்மா. மீன் பிடிக்க."

"ஒண்ணு ரெண்டு முங்கலாம். அத்தனையும் ஒரே நேரத்துலயா?"

அச்சுக்காரர் செவியில், இத்தனை நாளாய்க் கேளாத குரல் இடைவாயிலிலிருந்து விழுந்தது.

"தப்பு என்னோடதும்மா. மடிச்சா கவுந்துடும்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் வெட்டினேன். கேட்டா, நான் இவர்கூடப் பேசின மாதிரி ஆயிடும்."

பழி தானாகவே இறங்கி அவள் தோளில் அமர்ந்துவிட்டது. வாய்மூடி நின்றால் போதும், அவர் வென்றவர். ஆயினும் கதவோரம் நின்றவளின் சிவந்த விழிகளைக் கண்டதும் அவ்வெற்றி அவர்க்குக் கசந்தது.

"இல்லம்மா, சொல்ல வேண்டியவன் நான். இவளை ஒட்டுப் போடுறவன்னு சொன்னேன். அதான் இவ பேசல."

பின்னர் இருவரும் பழியைத் தத்தம் பக்கம் இழுத்து வழக்காடத் தொடங்கினர். பொறுத்துப் பார்த்த அம்மையார், அதைத் தாம் போனபின் வைத்துக்கொள்ளுமாறு கூறி, தோளைத் தடவிக்கொண்டார். உறுத்தவில்லை, நாற்பதும் இவ்வாறே மடிந்து வரவேண்டும், வாத்துகள் இருபுறமும் நிமிர வேண்டும், முடியுமா என்றார். முடியாது என்று சொல்ல அச்சுக்காரர் வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"முடியும். முதல்ல வெறுந்துணியில நான் தோள்கோடு போட்டுத் தரணும். கோட்டைத் தாண்டினதும் இவர் கட்டையத் திருப்பிப் பிடிக்கணும்."

முதல்ல. பத்தொன்பது ஆண்டாய் அவருடையதாயிருந்த இடம் அது. அவர் சாயத்தட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"போட்டுக் குடு. நான் நிக்கிறேன்."

அம்மையார் நாற்பதுக்கும் சொல் கொடுத்துச் சென்றார். மறுநாள் வெயிலேறும் வேளையில், வெண்துணி விரித்த மேசையருகே, சாயம் தோய்த்த கட்டையை ஏந்தி அச்சுக்காரர் நின்றார். எதிரே அவள் சுண்ணக்கட்டியைச் சீவினாள்; ஊதிப் பார்த்தாள்; ஒருமுறை சீவினால் போதுமானதை மீண்டும் ஒருமுறை சீவினாள். கட்டையில் சாயம் உலர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி தோய்த்துக்கொண்டார். சினத்தில் காக்கும் வாய்மூடலும் அன்பில் காக்கும் வாய்மூடலும் வெளியே ஒன்றுபோலத்தான் தோன்றும், அன்புடையீர். இரண்டையும் ஒரே கிழமையில் கற்ற அம்மனிதர், அவள் கோடு இழுத்து முடிக்கும்வரை, கை கடுக்க, முகம் மலர நின்றிருந்தார்.