கோடிப் பேருக்கு ஊட்டியவள்

பழைய கணினிகளையும் செல்போன்களையும் உடைத்துப் பிரிக்கும் அந்தக் கொட்டகையில் அண்ணி வைத்ததுதான் சட்டம். எந்தத் திருகு எந்தப் பக்கம் கழலும் என்று அவள் விரல்களுக்கே தெரியும். செம்பு எடுக்க அவளும் கணவரும் சர்க்யூட் பலகைகளைக் கொளுத்துவார்கள். அப்புறம் இரண்டு நாள் மாறி மாறி இருமுவார்கள்.

நாத்தனார் கல்லூரியில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்துபவள். அந்த விடுமுறைக்குப் பை நிறையப் புட்டிகளோடு வந்து இறங்கினாள்.

“அண்ணி, இனிமே கொளுத்தவே வேணாம். இதுக்குள்ள இருக்கற கிருமிங்க செம்பைக் கரைச்சுக் குடுத்துடும்.”

கணவர் சிரித்தார். “இந்த வீட்ல இருக்கற வாய் போதாதா? இன்னும் கோடிக்கணக்குல வளக்கணுமா?”

பழைய சுரங்கத்தில் கசிந்த தண்ணீரிலிருந்து பிடித்து வந்த கிருமிகள் அவை. நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் அமிலம் கலந்த தண்ணீரை நிரப்பி அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்தாள். மீன் தொட்டி மோட்டாரை வைத்துக் காற்று ஊதவிட்டாள். கிருமிகளை ஊற்றி, அரைத்த சர்க்யூட் பலகைத் தூளையும் கையோடு கொட்டினாள். தண்ணீர் துரு நிறத்துக்கு மாறினால் அவை உயிரோடு இருப்பதாக அர்த்தமாம்.

ஒரு வாரமாயிற்று. தண்ணீர் அதே வெளிர்பச்சை. இன்னொரு பீப்பாய் வைத்தாள். அதுவும் அப்படியே. நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அதுங்களுக்குச் சாப்பாடு எது?”

“அன்னபேதி.”

“அப்ப இந்தத் தூளு?”

“அது விஷம் மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். லீவு முடியறதுக்குள்ள உங்களுக்குச் செம்பைக் காட்டணும்னு அவசரப்பட்டுட்டேன்.”

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நல்லா இருக்குடி! வந்து எறங்கின விருந்தாளி கையில வெளக்குமாத்தைக் குடுத்தா எவ நிப்பா? மொதல்ல வயிறாரப் போடு. பெத்துப் பெருகட்டும். அப்புறம் வேலை வாங்கு, கரண்டி கரண்டியா.”

மூன்றாவது பீப்பாயை அண்ணியே பொறுப்பெடுத்துக்கொண்டாள். உப்பும் காற்றும் மட்டும்தான். பல் தேய்க்கும் முன்பே மூடியைத் திறந்து பார்ப்பாள். ஐந்தாம் நாள் காலை தண்ணீர் கடுந்தேநீர் போலச் சிவந்து கிடந்தது.

“பெத்துட்டாங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கடைத் தச்சர் உளியும் கையுமாக ஓடி வந்தார்.

“யாருக்கும்மா குழந்தை?”

“கோடிப் பேருக்கு!”

அன்று முதல் காலையும் மாலையும் ஒரு கரண்டித் தூள். நிறம் வெளிறினால் அன்றைக்குப் பத்தியம். பத்தாம் நாள் தண்ணீரை வடிகட்டினார்கள். நீலமும் பச்சையும் கலந்து மினுங்கியது. நாத்தனார் கையுறை மாட்டிக்கொண்டு ஓர் இரும்புத் தகட்டை அதில் தொங்கவிட்டாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டில் செக்கச்செவேலென்று செம்பு படிந்தது.

கணவர் தகட்டை இன்னும் நெருங்கிப் பார்த்தார். பிறகு, “பாப்பா, இன்னொரு தகடு போடேன்,” என்றார், வேடிக்கை காட்டச் சொல்லும் பிள்ளையைப் போல. நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது கொட்டகையில் நான்கு பீப்பாய்கள். நாத்தனார் தினமும் ஊரிலிருந்து போன் செய்து, “சாப்ட்டாங்களா அண்ணி?” என்று கேட்கிறாள்.

“கூடப் பொறந்தவன் சாப்பிட்டானான்னு ஒரு வார்த்தை கேக்கறாளா பாரு,” என்று கணவர் முணுமுணுப்பார். அண்ணி சிரித்துக்கொண்டே அடுத்த பீப்பாயின் மூடியைத் திறப்பாள்.